இடுப்பு முறிவு வலியும் நரம்புத் தடை முறையும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

முதியோர் தவறி விழும்போது பெரும்பாலும் நேரும் தொடையெலும்பின் மேல்முனை முறிவை இடுப்பு முறிவு என்பர். அறுவைக்குக் காத்திருப்போரின் வலியைத் தணிக்க மார்பின் போன்ற அபினிவகை மருந்துகளே நெடுங்காலம் வழங்கப்பட்டன. அவை மூச்சை மந்தப்படுத்தவும் மனக்குழப்பத்தை உண்டாக்கவும் கூடும். நரம்பை மட்டும் மரக்கச் செய்யும் முறை 19ஆம் நூற்றாண்டிலேயே அறியப்பட்டிருந்தும், அவசர சிகிச்சைப் பிரிவில் அது வழக்கமாக நெடுங்காலம் பிடித்தது. மருந்தின் குறையைவிட முறையின் கடினமே இதற்குப் பெரிதும் தடையாயிற்று என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

மருந்தின் வளர்ச்சி

1884இல் வியன்னாவில் கார்ல் கோலர் கண்ணை மரக்கச் செய்யக் கொக்கைனைப் பயன்படுத்தினார். அதையடுத்து நியூயார்க்கில் வில்லியம் ஹால்ஸ்டெட் அம்மருந்தை நரம்புகளின் அருகே செலுத்தி நரம்புத் தடைக்கு வழிவகுத்தார். தம்மீதே சோதனை செய்த அவர் அதற்கு அடிமையானார். 1943இல் ஸ்வீடனில் நில்ஸ் லோஃப்கிரென் லிடோகெயினை உருவாக்கினார். தக்க மருந்து கிடைத்த பின்னரும், ஊசிமுனையை நரம்பருகே கொண்டுசெல்வது தேர்ந்த கைகளுக்கே இயன்றது.

முறையின் மாற்றம்

தொடைக்குச் செல்லும் மூன்று நரம்புகளை ஒரே ஊசியால் தடுக்கும் முறையை 1973இல் அலோன் வின்னி வெளியிட்டார். அதிலும் தொடை நரம்பைத் தேடியாக வேண்டும். 1989இல் பிரான்சின் பெர்னார்ட் டாலென்ஸ் குழுவினர் குழந்தைகளுக்கென வேறு வழியை வகுத்தனர். இலியாக்கஸ் தசைக்கும் அதன் மேற்படலத்துக்கும் இடையே மருந்தைச் செலுத்தினால், அது பரவி நரம்புகளைத் தானே சென்றடையும். இரு படலங்களை ஊசி துளைக்கும்போது கை உணரும் இரு நெகிழ்வுகளே அடையாளம். தொடை நரம்பிலிருந்தும் தமனியிலிருந்தும் விலகியே ஊசி இறங்கும். நரம்பைத் தேடுவதிலிருந்து இடத்தை நிரப்புவதற்கு மாறிய இந்த எளிமையே திருப்புமுனை எனலாம்.

குழந்தைகளுக்காகப் பிறந்த இம்முறை முதியோர்க்கும் உதவியது. 2007இல் டென்மார்க்கின் நிகோலாய் ஃபாஸ் குழுவினர், இடுப்பு முறிவுற்ற 48 பேரிடம் இதனை மார்பினோடு ஒப்பிட்டனர். இம்முறையே வலியை மிகுதியாகத் தணித்தது.

முடிவுரை

2011இல் இங்கிலாந்தின் நைஸ் நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல், பாராசிட்டமாலும் அபினிவகை மருந்துகளும் போதாதபோதும், அபினிவகையின் அளவைக் குறைக்கவும் நரம்புத் தடையைச் சேர்க்கலாம் என்றது. பயிற்சி பெற்றோரே இதனைச் செய்ய வேண்டும். விரைந்த அறுவைக்கு இது மாற்றாகாது என்றும் வரையறுத்தது. வலி தணிந்தது என்பதே நோயாளியை மேலும் காக்க வைக்கக் காரணமாகிவிடலாகாது என்பதை இவ்வரையறை உணர்த்துகிறது.