தேநீருக்கு முன்னே ஆவாரம்பூ

கும்மிடிப்பூண்டி, கவரப்பேட்டை, எளாவூர்ப் பக்கம் ஐம்பது ஆண்டுகளுக்கு முன் நடந்து திரிந்தவர்களுக்கு மஞ்சளாகப் பூத்துக் கிடந்த ஆவாரஞ்செடி நினைவிருக்கும். யாரும் விதைக்கவில்லை, தண்ணீர் ஊற்றவில்லை. புறம்போக்கு, ஏரிக்கரை, தண்டவாள ஓரம் என்று எங்கும் தானாக வளர்ந்தது. "ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" என்ற பழமொழி நம் வயதுக்காரர் எல்லோருக்கும் மனப்பாடம்.

பூவை நிழலில் உலர்த்தி, ஒரு பிடி அள்ளிக் கொதிக்க வைத்து, பனைவெல்லம் சேர்த்து வடிகட்டினால் தேநீர் நிறத்திலேயே இருக்கும். உடல் சூட்டுக்கும் நீரிழிவுக்கும் குடித்தார்கள். சித்த மருத்துவத்தில் ஆவாரையோடு கொன்றை, நாவல், மருது, கடலழிஞ்சில், கோரைக்கிழங்கு, கோட்டம் சேர்த்த ஆவாரைக் குடிநீர் இன்றும் உண்டு. இலங்கையில் இதற்கு ரணவரா என்று பெயர். அங்கே இன்னும் விரும்பிக் குடிக்கிறார்கள். ஆங்கிலேயர் இச்செடிக்கு வைத்த பெயரே 'மாத்தறைத் தேயிலை'.

பிறகு எப்படி மறந்தோம்? முதல் காரணம் தேயிலை. 1903-ல் அரசு தேயிலைக்கு வரி விதித்து, அந்தப் பணத்தை விளம்பரத்துக்கு ஒதுக்கியது. 1930களின் பொருளாதார மந்தத்தில் ஏற்றுமதி படுத்ததும் தோட்ட முதலாளிகளின் கண் உள்ளூர்க்காரர் மேல் விழுந்தது. சந்தையிலும் தெருவிலும் தேநீர் போட்டுக் காட்டி ருசி பழக்கினார்கள். ஆவாரம்பூவுக்கு விளம்பரம் செய்ய யார் இருந்தார்கள்?

ஆவாரைக்கு வேறொரு மவுசும் இருந்தது. சென்னை மாகாணத்தில் தோல் பதனிட ஆவாரம்பட்டைதான் முக்கியப் பொருள். தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை வந்து அந்த இடத்தையும் பிடித்துக்கொண்டது. பணம் தராத செடி என்றாகிவிட்டது.

கடைசியாக நிலமே போனது. சிப்காட் நிறுவனம் 1971-ல் தொடங்கப்பட்டது. அதன் தொழிற்பேட்டை கும்மிடிப்பூண்டிக்கும் வந்தது. வேலை வந்தது, நம் பிள்ளைகள் படித்தார்கள், அதை மறுக்க முடியாது. ஆனால் மூலிகை பறித்துப் பிழைத்த இருளர் குடும்பங்களுக்குப் புதர்க்காடுதான் மருந்துப் பெட்டி. காடு சுருங்கினால், எந்த இலை எந்த நோய்க்கு என்ற அறிவும் சுருங்கும். செங்கல்பட்டு அருகே தண்டரையில் 1986 முதல் இருளர் பெண்கள் சங்கம் வைத்து மூலிகை வளர்த்து அதைக் காப்பாற்றி வருகிறார்கள்.

2012-ல் டெங்கு பரவியபோது அரசு மருத்துவமனைகளில் நிலவேம்புக் குடிநீரும், 2020-ல் கொரோனா காலத்தில் கபசுரக் குடிநீரும் கொடுத்தார்கள். வரிசையில் நின்று வாங்கிக் குடித்தோம். இன்று ஆவாரம்பூ பொட்டலமாகக் கடையில் கிடைக்கிறது. வேலியோரத்தில் சும்மா கிடைத்ததைக் காசு கொடுத்து வாங்குகிறோம்.

ஆசையில் ஆலைக் கழிவுநீர் ஓடும் ஓடைப் பக்கம் பறித்துவிடாதீர்கள். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுக் குடியுங்கள். உங்கள் ஊரில் ஆவாரை இன்னும் பூக்கும் இடம் இருந்தால், பேரப்பிள்ளைகளை ஒருமுறை அழைத்துப் போய்ச் செடியைக் காட்டிப் பெயரைச் சொல்லிக்கொடுங்கள்.