எலிபிடிப்பவர் வீட்டில் பிறந்த வம்சம்

விக்டோரியா மகாராணியின் காலத்து லண்டன் மாநகரில், எலி பிடிக்கும் தொழிலை ஏதோ சமஸ்தானத்து உத்தியோகம்போல ஆடம்பரமாக நடத்திவந்த ஜாக் பிளாக் என்பவரைப் பற்றி, அவ்வூர் ஏழைத் தொழிலாளரின் வாழ்க்கையை நேரில் விசாரித்துப் பெருநூலாக எழுதிய ஹென்றி மேஹ்யூ விஸ்தாரமாகவே குறித்து வைத்திருக்கிறார். வெள்ளைத் தோல் கால்சராய், பச்சைக் கோட்டு, சிவப்பு அரைச்சட்டை, பொன்நாடா சுற்றிய தொப்பி. இத்தனைக்கும் மேலாக மார்பின் குறுக்கே ஒரு தோல்வார். அந்த வாரில் அரசியின் பெயரெழுத்துகளும் கிரீடமும், கூடவே உலோக எலிகளும். செத்த எலியொன்றைக் கொண்டு அச்செடுத்து, மனைவியின் சமையல் பாத்திரங்களை உருக்கி அந்த எலிகளை அவரே வார்த்துக்கொண்டாராம். அந்த அம்மாள் அன்று என்ன சொன்னாள் என்பதையும் மேஹ்யூ கேட்டு எழுதியிருக்கக் கூடாதா என்று தோன்றுகிறது.

வளர்த்தவர்களால் கைவிடப்பட்ட எலிகளை ஏற்று, நோய் தீர்த்து, வேறு வீடு பார்த்து அனுப்பும் ஜீவகாருண்யப் பணி இன்று இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஓசையின்றி நடந்துவருகிறது. அதன் பூர்வ சரித்திரத்தைத் தேடிக்கொண்டு போகிறவன், விநோதமாக, எலிகளின் யமனாக விளங்கிய இந்த மனிதரின் வாசலில்தான் போய் நிற்க நேரிடுகிறது.

அக்காலத்தில் பிடிபட்ட எலிக்கு விஷத்தைவிடக் கொடிய கதி ஒன்று காத்திருந்தது. காளையையும் கரடியையும் நாய்விட்டுக் கடிக்கச்செய்யும் விளையாட்டுகளை 1835ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்துவிட்டது; எலியின் மீது அந்தச் சட்டத்தின் கருணை நடைமுறையில் பாயவில்லை. ஆகவே மதுக்கடைகளின் பின்கட்டிலும் மேல்மாடியிலும் மரத்தட்டி அடைத்த களங்கள் அமைத்து, நூற்றுக்கணக்கான எலிகளை அதில் கொட்டி, நாயை இறக்கிவிட்டு, எத்தனை நிமிஷத்தில் எத்தனை சாகும் என்று பந்தயம் கட்டினார்கள். அச்சட்டத்துக்கு முன்பே, 1823இல், பில்லி என்ற நாய் நூறு எலிகளைச் சுமார் ஐந்தரை நிமிஷத்தில் கொன்று பிரசித்தி அடைந்தது. இத்தகைய களமொன்றை நடத்திய ஜிம்மி ஷா என்ற மதுக்கடைக்காரர், வருஷத்துக்கு 26,000 உயிர் எலிகளை விலைக்கு வாங்கியதாக மேஹ்யூ கணக்குக் காட்டுகிறார்.

அந்தக் கணக்கற்ற கூட்டத்தில் எப்போதாவது ஒரு வெள்ளை எலி, ஒரு கறுப்பு எலி, ஒரு புள்ளியெலி அகப்படுவதுண்டு. ஜாக் பிளாக் அவற்றைக் களத்துக்கு அனுப்பாமல் தம் வீட்டுக் கூண்டில் போட்டு இனம்பெருக்கத் தொடங்கினார். வெள்ளையும் கறுப்பும், பழுப்பும் வெள்ளையும், செம்மையும் வெள்ளையுமாக ஆயிரத்து நூறுக்கு மேல் தம்மிடம் இருந்ததென்று அவரே பெருமையடித்துக் கொண்டிருக்கிறார். எலிபிடிப்பவர் பேச்சில் கொஞ்சம் வாசி தள்ளுபடி செய்தாலும் அது சிறிய சம்ரக்ஷணையன்று. பூனையும் எலியும் பறவையும் ஒரே கூண்டில் சண்டையின்றி வாழ்வதாகத் தெருவில் காட்டிக் காசு வாங்கிய ‘ஆனந்தக் குடும்பம்’ என்ற வேடிக்கைக்காரர்களுக்கும், அணிற்கூண்டில் வைத்து வளர்க்க விரும்பிய சீமாட்டிகளுக்கும் அவற்றை விற்றார். ஆரம்பத்தில் ஐந்து ஷில்லிங்கும் பத்து ஷில்லிங்கும் போன விலை, கடைசியில் இரண்டரை ஷில்லிங்குக்கு இறங்கிவிட்டது. ஒரே வளையில், ஒரே தாய் வயிற்றில் பிறந்தவற்றுள் சாம்பல் நிறத்துக்கு நாயின் பல், வெண்மைக்குச் சீமாட்டியின் மடி. பிழைத்ததற்கு நிறத்தைத் தவிர வேறு புண்ணியம் எதுவும் இல்லை. இந்த ஒரு விஷயத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்வரும் கதையெல்லாம் தானாகவே விளங்கிவிடும்.

பிறகு எலி வளர்க்கும் அந்த அபிமானம் மெல்ல மெல்லக் கௌரவம் பெற்றது. குழந்தைகளுக்காகப் பிராணிக் கதைகள் எழுதிப் புகழ்பெற்ற பியாட்ரிக்ஸ் பாட்டர், 1908இல் வெளிவந்த தம் எலிக் கதையை, தாம் வளர்த்து இழந்த ஸாமி என்ற செங்கண் வெள்ளெலியின் நினைவுக்கே சமர்ப்பணம் செய்தார். அதற்கு முன்பே, 1895இல் தோன்றிய சுண்டெலி வளர்ப்போர் சங்கத்தை மேரி டக்ளஸ் என்ற பெண்மணி வற்புறுத்தி, எலிகளையும் போட்டிக்குச் சேர்த்துக்கொள்ளச் செய்திருந்தார். 1901 அக்டோபரில் ஐல்ஸ்பரி ஊரில் நடந்த கண்காட்சியில் அவருடைய கறுப்பு வெள்ளை எலியே முதற்பரிசைத் தட்டிக்கொண்டு போயிற்று. 1912இல் சங்கத்தின் பெயரிலேயே எலிக்கு இடம் கிடைத்தது. ஆனால் அந்த அம்மையார் 1921இல் காலமானபின் ஆதரவு குன்றி, சில ஆண்டுகளில் எலியின் பெயர் மறுபடியும் கழன்று விழுந்தது. எலிகளுக்கென்றே தனியாக ஒரு தேசிய சங்கம் இங்கிலாந்தில் தோன்ற 1976 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இதற்குள் வெள்ளெலி சோதனைச்சாலைகளில் குடியேறி வேறொரு பெருங்கதைக்கு உரியதாகிவிட்டது. அதில் இங்கே புக வேண்டாம்.

சங்கமும் கண்காட்சியும் நிறத்தையும் காதின் அமைப்பையும் பார்த்துப் பரிசளிக்க, பிராணிக் கடைகள் மலிவு விலையில் யாருக்கும் விற்க, எலியின் உடல் தன் பாட்டில் தன் தர்மத்தைச் செய்தது. ஐந்தாறு வாரத்திலேயே பருவம் எய்துகிற பிராணி அது. சினைக்காலம் 21 முதல் 23 நாட்கள். ஓர் ஈற்றில் பத்துக் குட்டி சாதாரணம். ஈன்ற மறுநாளே மீண்டும் சினையாகவும் வல்லது. கடைக்காரர் ஆண் பெண் பிரித்தறியாமல் ‘இரண்டும் பெண்தான்’ என்று கொடுத்தனுப்பிய ஜோடி, சில மாதங்களில் ஒரு வீட்டையே நிறைத்துவிடும். அந்த நிலையில்தான் இரவு நேரத்தில் அட்டைப்பெட்டியொன்று யாரோ ஒருவர் வாசலிலோ வயல்வரப்பிலோ வைக்கப்படுகிறது. தலைமுறை தலைமுறையாகத் தட்டில் தின்று பழகிய வெள்ளை எலி வயல்வெளியில் எத்தனை நாள் தாங்கும்? சீமாட்டியின் மடியைத் தேடித் தந்த அதே வெண்மை அங்கே ஆந்தையின் கண்ணுக்கு விளக்காகிறது.

இப்பெட்டிகளை ஏற்பவர்கள் பெரும்பாலும் தம் வீட்டின் ஓர் அறையையே தர்மசாலையாக்கிக்கொண்ட தனிமனிதர்கள். புதிதாக வந்தவற்றை இரண்டு மூன்று வாரம் மற்றவற்றிலிருந்து தனித்து வைக்கிறார்கள்; ஆணையும் பெண்ணையும் உடனே பிரிக்கிறார்கள்; பேன் பார்க்கிறார்கள்; மூச்சுவிடும்போது நெஞ்சில் கரகரப்பு உண்டா என்று எலியைக் காதோடு வைத்துக் கேட்கிறார்கள். கண்ணோரத்தில் செந்நீர் கசிந்திருப்பதை ரத்தமென்று நினைத்துப் பதறிக் கைவிட்டவர்களும் உண்டு. அது ரத்தமன்று, நோயோ கலக்கமோ வரும்போது கண்ணுக்குப் பின்னுள்ள சுரப்பியிலிருந்து வரும் நிறமி. இந்தத் தொண்டுக்கு ஆபத்தும் இல்லாமலில்லை: 2017இல் அமெரிக்காவில் வளர்ப்பு எலிகளின் வழியாகச் சியோல் வைரஸ் 11 மாநிலங்களில் 31 இடங்களில் காணப்பட்டபோது, எலி கைமாறுவதே பல இடங்களில் நின்றுபோயிற்று.

வேறு வீட்டுக்கு அனுப்பும்போது ஒற்றை எலியைத் தருவதில்லை. கூட்டமாக வாழும் பிராணியாகையால் இரண்டாகத்தான் போகவேண்டும், இல்லையேல் ஏற்கெனவே எலி இருக்கும் வீட்டுக்குப் போகவேண்டும். அப்படிப் போனாலும் பழைய எலியின் கூண்டில் நேரே விட்டுவிடக் கூடாது. யாருக்கும் சொந்தமல்லாத இடம் வேண்டுமென்பதற்காகக் காய்ந்த குளியல் தொட்டியில் இரண்டையும் இறக்கிவிட்டு, ஒரு துணியைக் கையில் சுற்றிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்கள். எலியின் ஆயுளே இரண்டு மூன்று ஆண்டுதான். அவற்றில் பாதியைக் கழித்துவிட்டு வந்த, எந்தக் கண்காட்சியிலும் நிற்கத் தகுதியற்ற சாம்பல் நிறக் கிழங்கள்தாம் போகுமிடம் இல்லாமல் பல சமயம் மிஞ்சுகின்றன. வந்த புதிதில் பழைய காலுறைக்குள் புகுந்துகொண்டு மூக்கைக்கூட வெளியே காட்டாத அப்படிப்பட்ட ஒன்று, சில வாரம் சென்று, ஒரு மாலையில் தானாகவே கைமேல் ஏறி உட்கார்ந்து, பல்லை நறநறவென்று அரைக்கத் தொடங்கும்; அரைக்கிற வேகத்தில் தாடைத் தசை உந்தி, அதன் விழிகள் இரண்டும் உள்ளும் புறமுமாகத் துடிக்கும். பழக்கமில்லாதவர்கள் வலிப்பு வந்துவிட்டதென்று பயந்துபோவார்கள். எலி சௌக்கியமாக இருக்கிறது என்பதற்கு அது அடையாளம்.