கல்லூரி மாற்றுச் சேர்க்கை (கலிஃபோர்னியா)

பள்ளியிறுதியில் குறைந்த மதிப்பெண் பெற்றவர், சமுதாயக் கல்லூரியில் ஈராண்டு படித்து, அங்குப் பெறும் தேர்ச்சியைக் கொண்டு போட்டி மிகுந்த பல்கலைக்கழகத்தின் மூன்றாமாண்டில் சேர வழிசெய்யும் முறை. அமெரிக்காவில் இது பல மாநிலங்களில் இருப்பினும், கலிஃபோர்னியாவிலேயே முழு வடிவம் பெற்றது.

தோற்றம்: சிகாகோ பல்கலைக்கழகத்தின் முதல் தலைவரான வில்லியம் ரெய்னி ஹார்ப்பர் (1856–1906) இம்முறையின் மூலவர். பட்டப்படிப்பை அவர் இரண்டாகப் பகுத்தார். முதற்பகுதி 1896 முதல் ‘ஜூனியர் கல்லூரி’ எனப்பட்டது. முதலிரண்டு ஆண்டுப் பாடம் உயர்நிலைப் பள்ளியின் நீட்சியே; ஆய்வை நாடும் பல்கலைக்கழகம் அதைச் சுமக்க வேண்டியதில்லை என்பது அவர் கொள்கை. அவர் ஊக்குவிப்பால் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில், பள்ளித் தலைமையாசிரியர் ஜே. ஸ்டான்லி பிரவுன் 1901-இல் பள்ளிக் கட்டடத்திலேயே கல்லூரி வகுப்புகளைத் தொடங்கினார். முதலில் சேர்ந்தவர் அறுவர்.

கலிஃபோர்னியாவில் மேலவை உறுப்பினர் ஆன்டனி காமினெட்டி கொணர்ந்த 1907-ஆம் ஆண்டுச் சட்டம், உயர்நிலைப் பள்ளிகள் கல்லூரிப் பாடம் நடத்த இசைவளித்தது. ஃபிரெஸ்னோ நகரம் 1910-இல் அதனைப் பயன்படுத்தியது. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகக் கல்வியியல் பேராசிரியர் அலெக்சிஸ் லாங்கே இதற்குப் பெருந்துணை நின்றார். இளையோரைப் பல்கலைக்கழகத்துக்கு வெளியே நிறுத்த எண்ணியே இவர்கள் இக்கல்லூரிகளை வளர்த்தனர். பின்னாளில் அவையே உள்ளே செல்லும் வாயிலாயின. தனிக் கல்லூரி மாவட்டங்கள் அமைக்க 1921-இல் சட்டம் வந்தது.

வகைப்பாடு: கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத் தலைவர் கிளார்க் கெர் முன்னின்று வகுத்த 1960-ஆம் ஆண்டுப் பெருந்திட்டம் உயர்கல்வியை மூன்று அடுக்காக்கியது. பள்ளி மாணவருள் முதல் 12.5 விழுக்காட்டினர் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்துக்கும், முதல் மூன்றில் ஒரு பங்கினர் மாநிலக் கல்லூரிகளுக்கும் தகுதியுடையோர். ஜூனியர் கல்லூரிகள் (இன்றைய சமுதாயக் கல்லூரிகள்) அனைவருக்கும் உரியவை. பல்கலைக்கழக இளங்கலை இடங்களில் 60 விழுக்காடு மேல்வகுப்புகளுக்கு எனக் கணக்கிட்டதால், மாறி வருவோர்க்கு இடம் கிடைத்தது. ஜூனியர் கல்லூரிகள் மாணவரின் கனவை மெல்லத் தணியவைக்கின்றன என அதே ஆண்டில் சமூகவியலர் பர்ட்டன் கிளார்க் எழுதினார். அது ஒருபக்கப் பார்வையே.

நடைமுறை: கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் மூன்றாமாண்டில் சேர 60 செமஸ்டர் அலகுகள் தேவை. மாநிலத்தவர்க்குக் குறைந்தபட்சச் சராசரிப் புள்ளி, நான்குக்கு 2.4; பொறியியல் போன்ற துறைகளில் உண்மைப் போட்டி இதனினும் மிக உயர்ந்தது. இந்நிலையில் பள்ளி மதிப்பெண் தேர்வில் கருதப்படுவதில்லை. எந்தப் பாடம் எதற்கு ஈடு என்பதை ‘அசிஸ்ட்’ என்னும் பொது அட்டவணை காட்டும். சாண்டா மோனிகா கல்லூரியில் ‘கணிதம் 7’ முடித்தவர், அப்பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தின் ‘கணிதம் 31ஏ’ முடித்தவராகக் கொள்ளப்படுவார். ஈடில்லாத பாடத்தில் முதல்தரம் பெற்றாலும் முதன்மைப் பாடத் தேவை அதனால் நிறைவுறாது. டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்கள் நிபந்தனைகளை நிறைவு செய்வோர்க்கு இடவுறுதி தருகின்றன. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான்டியாகோ தருவதில்லை.

தனியார் பல்கலைக்கழகங்களின் வழக்கம் வேறு. ஸ்டான்ஃபோர்டு பள்ளி மதிப்பெண் பட்டியலையும் கேட்கும். பிரின்ஸ்டன் 1990-இல் நிறுத்திய மாற்றுச் சேர்க்கையை 2018-இல் மீண்டும் தொடங்கியது.

இன்றைய நிலை: மாநிலத்தில் 116 சமுதாயக் கல்லூரிகள் உள்ளன; மாநிலத்தவர்க்குக் கட்டணம் அலகுக்கு 46 டாலர். மாறும் எண்ணத்தோடு சேர்வோருள் பலர் மாறுவதில்லை.