குடத்திலிட்ட விளக்கு

"அந்தக் கடையில் வாங்காதீர், அவன் யூதன்!" போர்த்துகல் நாட்டு மலையூராகிய பெல்மோந்தேயில், ஒரு வணிகன் தன் போட்டியாளனைப் பற்றிக் கூறிய சொல் இது. கேட்டவர் சாமுவேல் சுவார்ட்சு, போலந்து நாட்டுச் சுரங்கப் பொறியாளர். அவரே ஒரு யூதர்! அந்நாட்டில் யூதர் எவரும் எஞ்சியிருக்கவில்லை என்றன்றோ ஏடுகள் கூறின? வசைச்சொல் ஒன்றே வரலாற்றுக்கு வழிகாட்டிற்று. அது 1917ஆம் ஆண்டு.

1496இல் மன்னன் மானுவேல் யூதர்களை வெளியேறுமாறு ஆணையிட்டான். மறு ஆண்டே, வெளியேறவும் விடாது, வலிந்து ஞானஸ்நானம் செய்வித்தான். மதம் மாறியும் மதிப்பு வந்ததா? இல்லை. 'புதுக் கிறித்தவர்' எனப் பெயர் சூட்டி, குருதியில் தூய்மையில்லை எனக் காரணங்காட்டி, பேரன் காலத்திலும் பதவிகளை மறுத்தனர். இவ்வேற்றுமையைச் சட்டம் கைவிட்டது 1773இல்தான். 1536இல் அமைந்த மத விசாரணை மன்றமோ 1821 வரை நின்றது. அதன் கொடுங்கரம் கோவா வரை நீண்டதை நாம் மறத்தலாகாது. நம் நாட்டு மூலிகைகளை ஆய்ந்து 1563இல் நூல் வெளியிட்ட மருத்துவர் கார்சியா த ஓர்த்தா 1568இல் மறைந்தார். 1580இல் அவர்தம் எலும்புகளைத் தோண்டியெடுத்து எரித்தனர். செத்தவரையும் விடாத சமயப்பற்று!

இத்துணைக் கொடுமைக்கிடையே மரபைக் காத்தவர் யார்? குருமாரா? நூல்களா? இரண்டுமே அங்கில்லை. காத்தவர் பெண்கள். வெள்ளி மாலை ஏற்றிய விளக்கைக் குடத்துள் மறைத்தனர். பாசுகாத் திருநாளின் புளிப்பில்லா அப்பத்தை, ஒற்றர் கண்ணுக்குத் தப்ப, நாள் தள்ளிச் சுட்டனர். போர்த்துகீசிய மொழியிலேயே வேண்டுதல்களைத் தாய் மகளுக்கு ஓதி வைத்தாள். எபிரேயமோ மறந்தே போயிற்று.

ஆகவேதான், தம் வேண்டுதல்களை அறியாத சுவார்ட்சை அவர்கள் யூதரென நம்ப மறுத்தனர். அவர் எபிரேயத்தில் ஓதத் தொடங்கினார். 'அதோனாய்' என்னும் ஒரே சொல் கேட்டதும், மூதாட்டி கண்களைப் பொத்திக்கொண்டாள். நானூறு ஆண்டு கடந்து வந்த சொல் அது ஒன்றே! அச்சொல் குறிக்கும் கடவுள் நமக்கு உடன்பாடன்று. அதைச் சுமந்து வந்த நெஞ்சுரம் நமக்கு உடன்பாடே.

சுவார்ட்சு 1925இல் இவையனைத்தையும் நூலாக்கினார். 1989இல் பெல்மோந்தே மக்கள் வெளிப்படையாகவே ஒரு சமூகமாக அமைந்தனர். பின்னர் வந்த குருமாரோ, யூதராக ஏற்கப்பட வேண்டுமாயின் முறைப்படி மதம் மாறுக என்றனர்! உயிரைப் பணயம் வைத்துக் காத்தவர்க்கு வேறு சான்றும் வேண்டுமோ? 1996இல் தொழுகைக்கூடம் திறந்தது. ஓதும் உரிமை ஆடவர் கைக்குப் போயிற்று. சில குடும்பத்தார் மட்டும் புதுமுறையை ஏற்க மறுத்து, பாட்டி கற்றுத்தந்த வேண்டுதல்களை வீட்டுக்குள்ளேயே தொடர்ந்தனர்.