முதுகே முகமான கதை: பம்பாய் தாஜ் மகால் ஓட்டலும் நகரத்தின் திசைமாற்றமும்

பம்பாய் அப்பல்லோ பந்தரில் நிற்கும் தாஜ் மகால் ஓட்டலைச் சுற்றி இரண்டு கதைகள் உலவுகின்றன. வெள்ளையருக்கு மட்டுமே இடமளித்த வாட்சன் ஓட்டலில் ஜாம்ஷெட்ஜி டாட்டாவை உள்ளே விட மறுத்தார்களாம். அந்த ரோஷத்தில் அவர் இதைக் கட்டினாராம். எழுத்தாளர் சார்ல்ஸ் ஆலன் போன்றோர் இதை ஐயுற்றுள்ளனர். 1896இல் நகரைப் பிடித்த பிளேக்கால் பம்பாயின் பெயர் கெட்டிருந்ததையும் இங்கே சேர்த்து எண்ண வேண்டும்; ரோஷத்தைவிட, அந்தப் பெயரை மீட்கும் எண்ணமே காரணமாக இருந்திருக்கலாம்.

என் அக்கறை இரண்டாவது கதையில். வரைபடத்தைப் புரட்டிப் பார்த்து முன்பக்கத்தைப் பின்பக்கமாகக் கட்டிவிட்டார்கள் என்றும், திரும்பி வந்த வெள்ளைக்காரக் கட்டடக் கலைஞர் அதைக் கண்டு உயிரை மாய்த்துக்கொண்டார் என்றும் அது சொல்கிறது. உண்மையில் கட்டடத்தை வடிவமைத்தவர்கள் சீதாராம் கண்டேராவ் வைத்யாவும் டி. என். மிர்சாவும். வேலை முடியுமுன் வைத்யா இறந்துவிட, டபிள்யூ. ஏ. சேம்பர்ஸ் அதை முடித்துக்கொடுத்தார். ஆக, துரை வரைந்தார், நம்மவர் குளறினார் என்னும் இக்கதை, வரைந்த நம்மவர் இருவரையும் சத்தமில்லாமல் அழித்துவிடுகிறது. ரோஷக் கதையைப் பெருமையோடு சொல்பவர்களே இதையும் சிரித்துக்கொண்டு சொல்வதுதான் வேடிக்கை.

கட்டடத்தில் பிழை ஏதுமில்லை. 1903 டிசம்பர் 16 அன்று ஓட்டல் திறக்கப்பட்டபோது எதிரே இந்தியாவின் நுழைவாயில் கிடையாது. குதிரை வண்டிகள் ஊருக்குள்ளிருந்து மேற்குப் பக்கமாக வந்தன. அதனால் ‘ப’ வடிவக் கட்டடம் தன் இரு கைகளையும் நகரத்தை நோக்கி விரித்தது, வாயிலும் அங்கேதான். கடல் அறைகளுக்குக் காற்றும் காட்சியும் தந்தது. அவ்வளவே.

திசையை மாற்றியது பின்வந்த காலம். ஐந்தாம் ஜார்ஜ் 1911இல் கரையிறங்கியதன் நினைவாக 1913இல் அடிக்கல் நாட்டப்பட்ட நுழைவாயில் 1924இல் திறக்கப்பட்டதும், கடற்கரை சடங்குக்குரிய இடமாயிற்று. முதல் உலகப்போரில் 600 படுக்கை மருத்துவமனையாக இருந்துவிட்டு மீண்ட ஓட்டல், 1933இல் தன் மதுக்கூடத்துக்குத் துறைமுகத்தின் பெயரையே வைத்தது. 1948 பிப்ரவரி 28இல் கடைசிப் பிரிட்டிஷ் படை கப்பலேறியதும் அந்த நுழைவாயில் வழியேதான். 1973இல் பக்கத்தில் எழுந்த கோபுரக் கட்டடத்தின் வாயிலும் கடலைப் பார்த்தே அமைந்தது.

2008 நவம்பர் 26 தொடங்கி மும்பையில் நடந்த பயங்கரவாதத் தாக்குதலில் இவ்வோட்டலில் மட்டும் 31 பேர் இறந்தனர். உலகம் பார்த்த புகை சூழ்ந்த குவிமாடமும் கடல் பக்கத்துக் காட்சியே. பழைய கட்டடம் 2010 ஆகஸ்ட் 15இல் மீண்டும் திறந்தது. 2017இல் அதன் தோற்றம் வணிகக்குறியாகப் பதிவாயிற்று. கட்டடம் அசையவே இல்லை, ஊர்தான் திரும்பி நின்றது என்பதே என் முடிபு. 1903இல் வண்டிகள் வந்து நின்ற பக்கத்தில் இன்று நீச்சல்குளம் இருக்கிறது.