கிள்ளான் பள்ளத்தாக்கில் பெரிபெரி நோய்

பெரிபெரி என்பது தயமின் எனப்படும் பி1 உயிர்ச்சத்துக் குறைவால் நரம்புகளும் இதயமும் பழுதடையும் நோயாகும். கால்கள் மரத்து நடை தளர்வது இதன் ஒரு வகை. உடலில் நீர் கோத்து, மூச்சு முட்டி, இதயம் செயலிழப்பது மற்றொரு வகை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவின் ஈயச் சுரங்கங்களையும் சிறைகளையும் மருத்துவமனைகளையும் வாட்டிய இந்நோய்க்கு அரிசியே காரணம் என்பதை நிறுவிய ஆய்வுகளுள் முதன்மையான சில கோலாலம்பூரில் நிகழ்ந்தன.

கிள்ளான் பள்ளத்தாக்கு அன்று தன் சோற்றுக்குக் கடல்வழி வரும் அரிசியை எதிர்பார்த்திருந்த நிலப்பகுதி. 1857-இல் அம்பாங் பகுதிக்கு ஈயம் தோண்டச் சென்ற சீனத் தொழிலாளர்களால் கோலாலம்பூர் தோன்றியது. பின்னர் காடழித்துக் காப்பியும் ரப்பரும் பயிரிடப்பட்டபோது அத்தோட்டங்களுக்குத் தமிழகத் தொழிலாளர்கள் கங்காணிகள் வழியாக வந்து சேர்ந்தனர். ஈயமும் ரப்பரும் வெளியே போக, அவர்களுக்கான அரிசி சயாம், பர்மா, இந்தியா ஆகிய நாடுகளிலிருந்து கப்பலேறி வந்தது.

ஒவ்வொரு சமூகமும் உண்ட அரிசி வேறு. சீனத் தொழிலாளர்கள் சயாமிலிருந்து வந்த, ஆலையில் தவிடு நீங்கத் தீட்டிய வெள்ளைப் பச்சரிசியை உண்டனர். மலாய்க் குடியானவர்கள் தம் வயலில் விளைந்த நெல்லை அவ்வப்போது உரலில் குத்திச் சமைத்தனர். தமிழர்களோ ஊர்ப் பழக்கப்படி புழுங்கல் அரிசியையே நாடினர். நோய் சீனரிடையே மிகுந்தும் மற்ற இரு சாராரிடையே அரிதாகவும் காணப்பட்டதால், பலர் அதை இன இயல்போடும் இருப்பிடத்தோடும் தொற்றோடும் இணைத்துப் பேசினர். 1900-இல் கோலாலம்பூரில் நிறுவப்பட்ட மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் இயக்குநர் ஹாமில்டன் ரைட் இதைக் கிருமியால் பரவும் நோய் என்றே கருதினார். நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் பிராடன், உண்ணும் அரிசியின் வேறுபாட்டைச் சுட்டிக்காட்டி 1907-இல் நூல் வெளியிட்டார். ஆனால் பழைய அரிசியில் உண்டாகும் நஞ்சே காரணம் என்பது அவர் முடிவு. சரியான பொருளின் மீது விரல் வைத்தவர், அதில் இருப்பதைத் தேடினாரே தவிர, இல்லாததைத் தேடவில்லை.

கோலாலம்பூர் மனநோயாளர் விடுதியில் 1905-இல் இந்நோய் கடுமையாகப் பரவியது. அவ்வாண்டு டிசம்பர் 5 அன்று மருத்துவர் வில்லியம் பிளெட்சர் அங்கிருந்தவர்களை உணவுக் கொட்டகையில் வரிசையாக நிறுத்தி எண்ணிடச் செய்து, ஒற்றைப்படை எண்ணினரை முற்றத்தின் கிழக்கு விடுதியிலும் இரட்டைப்படை எண்ணினரை மேற்கு விடுதியிலும் தங்கவைத்தார். முதல் பிரிவினருக்கு வழக்கமான சயாம் பச்சரிசியும் இரண்டாம் பிரிவினருக்கு இந்தியப் புழுங்கல் அரிசியும் தரப்பட்டன. மற்ற உணவு ஒன்றே. கட்டடத்தில் குற்றம் இருக்கலாம் என்ற ஐயம் நீங்க, இடையில் இரு பிரிவினரும் விடுதி மாற்றிக்கொண்டபோதும் நோய் கட்டடத்தில் தங்காமல் பச்சரிசி உண்டவர்களையே தொடர்ந்தது. அவர்களுள் 18 பேர் இறந்தனர். புழுங்கல் அரிசி உண்டவர்களுள் இந்நோயால் ஒருவரும் இறக்கவில்லை. சம்மதம் சொல்லும் நிலையில் இல்லாத மனிதர்களைக் கொண்டு பெற்ற அறிவு இது என்பதால், ஆய்வின் பயனைப் பேசும் இடமெல்லாம் அந்தச் சாவுகளையும் சேர்த்தே பேசுவதுதான் நியாயம்.

ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த ஹென்றி பிரேசரும் ஸ்டான்டனும் 1907-இல் தொடங்கி, நெகிரி செம்பிலானில் சாலை போட்ட ஜாவானியத் தொழிலாளர்களிடையே இதே முடிவைக் கண்டதோடு, தீட்டும்போது தவிட்டோடு கழிந்துபோகும் ஏதோ ஒரு சத்தின் இழப்பே நோயைத் தருகிறது என்றும் விளக்கினர். தயமின் நெல்லின் முளையிலும் தவிட்டுப் படலத்திலும் செறிந்துள்ளது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது நீரில் கரையும் இச்சத்தின் ஒரு பகுதி அரிசிக்குள் ஊடுருவிவிடுவதால், பின்னர் தீட்டினாலும் முழுதும் கழிவதில்லை. நெல் அவிக்கும் வேலையைத் தலைமுறைகளாகச் செய்துவந்த தமிழ்ப் பெண்களின் கைப்பழக்கம், காரணம் அறியப்படும் முன்பே இவ்வாறு காப்பாக அமைந்தது. 1910-இல் மணிலாவில் கூடிய கீழை நாடுகளின் வெப்பமண்டல மருத்துவர் மாநாடு, தீட்டிய வெள்ளரிசியைத் தொடர்ந்து உண்பதே நோய்க்குக் காரணம் என ஏற்றது.

எனினும் தோட்டத் தமிழர் மற்ற நோய்களுக்குத் தப்பவில்லை. ரப்பருக்காகக் குன்றுகளின் காட்டை அழித்தபோது வெயில் பட்ட ஓடைகளில் பெருகிய கொசுக்களால் மலேரியா அவர்களைச் சூறையாடியது. கிள்ளானில் மருத்துவர் மால்கம் வாட்சன் 1901 முதல் மேற்கொண்ட வடிகால் பணிகள் மலேரியாத் தடுப்பில் முன்னோடியானவை.

1941-இன் இறுதியில் ஜப்பானியர் படையெடுத்தபின் அரிசி இறக்குமதி சிதைந்தது. தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களில் மரவள்ளிக்கிழங்கு சோற்றின் இடத்தைப் பிடித்தது. புழுங்கல் அரிசியால் பெரிபெரியிலிருந்து பெரிதும் காக்கப்பட்டிருந்த தமிழர்களும் 1945 வரை நீடித்த அந்த ஆண்டுகளில் அந்நோய்க்கு இரையாயினர்.