நாட்காட்டித் தாளில் எழுதிய பாட்டு

நியூயார்க்கில் இயங்கிய ஆல்மனாக் சிங்கர்ஸ் குழு 1941இல் வெளியிட்ட இசைத்தட்டுத் தொகுப்புகளில் இரண்டை எடுத்துக்கொள்வோம். ஒன்றைச் சில வாரங்களிலேயே விற்பனையிலிருந்து எடுத்துவிட்டார்கள். இன்னொன்றில் இருந்த பாட்டுகளை இன்றைக்கும் வேலைநிறுத்தங்களில் பாடுகிறார்கள். ஏறக்குறைய அதே குரல்கள், அதே பேன்ஜோ. ஒரே இயந்திரத்தில் வந்த இரண்டு பொருள்களில் ஒன்று மட்டும் பழுதானால் காரணத்தைத் தோண்டாமல் எங்களைப் போன்ற எஞ்சினியர்களுக்குத் தூக்கம் வராது.

ஆல்மனாக் என்றால் நம்ம பஞ்சாங்கம் மாதிரிதான். அமெரிக்கக் குடியானவன் வீட்டில் பைபிளுக்கு அடுத்தபடியாக இருக்கும் புத்தகம். பீட் சீகர், லீ ஹேஸ், மில்லார்ட் லாம்பெல் மூவரும் தொடங்கிய குழுவில் பிறகு வுடி கத்ரியும் சேர்ந்தார். எல்லாரும் ஒரே வீட்டில் தங்கி, வாடகைக்காக அங்கேயே கச்சேரி வைத்தார்கள். 1941 மே மாதம் மேடிசன் ஸ்குவேர் கார்டனில் போக்குவரத்துத் தொழிலாளர் சங்கக் கூட்டத்தில் பாடியபோது எதிரே ஏறக்குறைய 20,000 பேர்.

முதல் தொகுப்பு 'சாங்ஸ் ஃபார் ஜான் டோ'. ஹிட்லரும் ஸ்டாலினும் ஒப்பந்தம் போட்டிருந்த காலம் அது. இது முதலாளிகளின் போர், அமெரிக்கா இதில் இறங்கக்கூடாது என்பது கம்யூனிஸ்ட் கட்சியின் நிலைப்பாடு. பாட்டுகளும் அதையே சொல்லி, அதிபர் ரூஸ்வெல்ட்டைக் கிண்டலடித்தன. ஜூன் 22ஆம் தேதி ஹிட்லரின் படை சோவியத் யூனியனுக்குள் புகுந்தது. கட்சி ஒரே நாளில் மறுபக்கம் திரும்பியது. தொகுப்பும் காலி. 1942இல் அதே குழு, போரை ஆதரித்து, 'டியர் மிஸ்டர் பிரசிடென்ட்' என்று பாடியது. நியூயார்க் நாளிதழ்கள் பழைய பாட்டுகளைத் தோண்டி எடுத்து நாறடித்தன. கொஞ்ச காலத்தில் குழுவே கலைந்துபோனது.

இரண்டாவது, 'டாக்கிங் யூனியன்'. அதில் 'நீ எந்தப் பக்கம்' என்று கேட்கும் ஒரு பாட்டு உண்டு. அதை எழுதியவர் இவர்களில் யாருமில்லை. 1931இல் கென்டக்கி மாநிலத்து ஹார்லன் வட்டாரத்தில் சுரங்கத் தொழிலாளர் போராட்டம் நடந்தது. சங்க வேலை செய்த சாம் ரீஸைத் தேடி ஷெரிஃப்பின் ஆட்கள் வீட்டுக்குள் புகுந்தார்கள். அவர் வீட்டில் இல்லை. மனைவி ஃபுளோரன்ஸ் ரீஸும் பிள்ளைகளும்தான் இருந்தார்கள். பிறகு அந்த அம்மா சுவரில் இருந்த நாட்காட்டித் தாளைக் கிழித்து, தெரிந்த ஒரு பழைய மெட்டில் பாட்டை எழுதினார்.

அப்படியானால் கட்சிப் பாட்டு செத்துப்போகும், மக்கள் பாட்டு வாழும் என்று முடித்துவிடலாமா? அவ்வளவு சுலபமில்லை. போர்க்காலத்தில் வேலைநிறுத்தம் கூடாது என்று சங்கங்கள் வாக்குக் கொடுத்தபோது, ஆல்மனாக் குழு இந்தச் சங்கப் பாட்டுகளையும்தான் மூட்டை கட்டி வைத்தது. ஃபுளோரன்ஸ் ரீஸும் பக்கச் சார்பில்லாமல் எழுதவில்லை. நடுநிலை என்று ஒன்று கிடையாது என்பதுதான் அவர் பாட்டே.

எனக்குப் பட்ட வித்தியாசம் வேறு. முதல் தொகுப்பைப் பாடியவர்கள் கைவிட்டதும் அதை எடுத்துப் பாட ஆளில்லை. இரண்டாவதை அவர்கள் கைவிட்டாலும் தேவைப்பட்டவர்கள் வேறு எங்கோ இருந்தார்கள். அவர்களுக்கு யாருடைய அனுமதியும் வேண்டியிருக்கவில்லை. அரசியல் எழுதலாமா கூடாதா என்று நம் இலக்கியச் சந்திப்புகளில் அடித்துக்கொள்கிறோம். நாம் விட்டுவிட்டால் இதை யார் எடுத்துக்கொள்வார் என்று கேட்டுப் பார்ப்பதில்லை.

1973இல் அதே ஹார்லனில் மீண்டும் சுரங்க வேலைநிறுத்தம். அதைப் படமாக்கிய 'ஹார்லன் கவுண்டி யுஎஸ்ஏ' ஆவணப்படத்தில் ஒரு வயதான அம்மா கூட்டத்தின் முன் வந்து நிற்கிறார். பக்கவாத்தியம் எதுவும் இல்லை. குரல் தேய்ந்திருக்கிறது. நாற்பது வருடத்துக்கு முன் தான் எழுதிய பாட்டைப் பாடுகிறார் ஃபுளோரன்ஸ் ரீஸ்.